புறப்பாட்டிற் பழுதுற்ற மூன்று மரக்கலங்கள்

ஒரு காரியத்தைத் தொடங்குங்கால் முதலடியிலேயே ஓர் இடையூறு நேருமாயின், அதனைத் தீநிமித்தமென்று கொண்டு அக்காரியத்தையே கைவிடுதல் நம்மவருட் பலரிடம் நெடுங்காலமாக இருந்து வரும் வழக்கமாகும். வாயிற்படியிற் கால் தடுக்கினும், பின்னின்று ஒருவர் தும்மினும், பூனை குறுக்கே ஓடினும், திண்ணையிற் சிறிது பொழுது அமர்ந்து தண்ணீர் பருகிப் பின் செல்வார் உளர். அன்று செல்லாதே ஒழிவாரும் உளர். இவர்க்கு நேர்மாறாக, ‘வருவது வரட்டும்’ என்று பழுதுற்ற கருவியோடே மேற்செல்லும் துணிச்சற்காரரும் உளர். இவ்விரு திறத்தாரும் செய்யாது விடுவது ஒன்றுண்டு. அஃதாவது, நேர்ந்த இடையூறு யாது, அதன் காரணம் யாது, அதனைத் தீர்க்கும் வழி யாது என்று நின்று ஆராய்தல்.

இவ்வாராய்ச்சியின் இன்றியமையாமையைக் கடற்பயணம் காட்டுமளவு தெளிவாக வேறொன்றும் காட்டாது. வழியில் வண்டியின் அச்சு முறிந்தால் இறங்கி நிற்க நிலமுண்டு, கூவியழைக்க ஊருண்டு. நடுக்கடலிற் கலம் பழுதுற்றால் நிற்க இடமில்லை; கூவினும் கேட்பாரில்லை. ஆதலின், கரையை விட்டகன்ற சின்னாட்களிலேயே பழுது வெளிப்படுமாயின், அஃது ஒருவகையில் நற்பேறு என்றே சொல்லல் வேண்டும். அந்நற்பேற்றைப் பயன்படுத்தினாரும் உளர். அதற்குப் பெருவிலை கொடுத்தாரும் உளர். இதனை விளக்குதற்கு மூன்று கலங்களின் வரலாற்றை ஈண்டு எழுதப் புகுகின்றோம். ஒன்று 1492-ஆம் ஆண்டிலும், மற்றொன்று 1620-ஆம் ஆண்டிலும், பிறிதொன்று 1838-ஆம் ஆண்டிலும் அட்லாண்டிக் மாகடலைக் கடக்கப் புறப்பட்டவை. முதலதற்குச் சுக்கான் கழன்றது. இரண்டாவதற்கு அடிப்பலகை ஒழுகிற்று. மூன்றாவதற்குக் கொதிகல அறையில் தீப்பற்றியது.

1. சுக்கான் கழன்ற கலம்

கொலம்பஸ் என்பார் மேற்றிசை வழியே கீழை நாடுகளை அடையக் கருதி, ஸ்பெயின் நாட்டுப் பாலோஸ் துறையினின்றும் 1492-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 3-ஆம் நாள் மூன்று கலங்களோடு புறப்பட்டார் என்பது பள்ளிச் சிறுவரும் அறிந்ததே. சாந்தா மரியா, பிண்டா, நீனா என்பன அக்கலங்களின் பெயர்கள். ஆனால் அவற்றுள் இரண்டு கலங்கள் எவ்வாறு அவர்க்குக் கிடைத்தன என்பதைப் பலர் அறியார். பாலோஸ் ஊரார் அரசுக்கிழைத்த ஒரு பிழைக்குத் தண்டமாக, இரண்டு கலங்களைத் தம் செலவில் ஓராண்டு அரசுப் பணிக்கு ஒப்புவித்தல் வேண்டும் என முன்னரே தீர்ப்பாகியிருந்தது. அத்தண்டத்தைக் கொலம்பஸின் பயணத்துக்கே செலுத்துமாறு அரசனும் அரசியும் ஆணையிட்டனர். அவ்வாணை 1492-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் நாள் அவ்வூர்த் திருக்கோயிலில் ஊரார் முன்னிலையிற் படிக்கப்பட்டது. தாமே விரும்பித் தந்த கலத்துக்கும் தண்டமாகக் கொடுத்த கலத்துக்கும் வேறுபாடு மிகவுண்டன்றோ! பிண்டாவின் உடையவராகிய கிறிஸ்டோபல் கிந்தேரோ என்பவரும் அக்கலத்தில் உடன் சென்றார். ஆனால் மனமுவந்து சென்றாரல்லர் என்பர்.

புறப்பட்ட நான்காம் நாள், ஆகஸ்டு 6-ஆம் நாள் திங்கட்கிழமை, கானரித் தீவுகளை நோக்கிச் செல்லும் வழியிற் பிண்டாவின் சுக்கான் தன் பொருத்தினின்றும் கழன்றது. சுக்கான் என்பது கலத்தின் பின்புறக் கம்பத்தில், கதவு நிலையில் மாட்டப்படுமாறு போல, இரும்பு முளைகளாலும் வளையங்களாலும் மாட்டப்பட்டிருப்பது. கலத்தை வேண்டிய திசைக்குத் திருப்புவது அதுவேயாம். அது கழன்றவழிப் பாய் எத்துணை நன்றாயிருப்பினும், காற்று எத்துணைச் சாதகமாயிருப்பினும் பயனில்லை. கலம் காற்றின் கைப்பொருளாய்விடும். அன்று காற்று மிகுந்து வீசியது. அலைகள் எழுந்தமையால், ஒரு கலத்தை மற்றொரு கலத்தின் அருகிற் கொண்டுபோதல் இரண்டுக்கும் இடராயிற்று. ஆதலிற் கொலம்பஸ் பிண்டாவின் அவதியைக் கண்டும் கைகொடுக்க இயலாது நின்றார். பிண்டாவின் தலைவராகிய மார்த்தின் அலோன்சோ பின்சோன் என்பவர் கடற்றொழிலில் கைதேர்ந்தவர். அவர் கயிறுகளைக் கொண்டு சுக்கானை ஒருவாறு கட்டி நிறுத்தினார். மறுநாள் அக்கட்டும் அறுந்தது, மீண்டும் கட்டினர். இதன்மேலும் அக்கலத்தில் நீர் ஒழுகத் தொடங்கிற்று.

கொலம்பஸின் மூல நாட்குறிப்பு மறைந்துபோயிற்று. லாஸ் காசாஸ் என்னும் துறவியார் எழுதிவைத்த சுருக்கமே இன்று நமக்குக் கிடைப்பது. அதன்படி, இப்பயணத்தில் விருப்பமில்லாத கிந்தேரோவும் கோமெஸ் ராஸ்கோன் என்பவனும் வேண்டுமென்றே சுக்கானுக்குக் கேடு சூழ்ந்தனர் என்னும் ஐயம் கொலம்பஸுக்கு இருந்தது. அவ்வையம் மெய்யோ பொய்யோ, இன்றளவும் நிறுவப்பட்டிலது. ஆயின் ஈண்டு நாம் கருதத்தக்கது பிறிதொன்று. ஐயம் எழுந்தவழிக் கொலம்பஸ் நடுக்கடலில் விசாரணை மன்று கூட்டினாரல்லர். கலத்தைத் திருப்பிப் பாலோஸுக்குச் சென்று குற்றவாளியைத் தேடினாரும் அல்லர். பழுது பார்க்கத்தக்க துறை வழியிலேயே முன்னால் இருந்தது. அதனை நோக்கியே சென்றார்.

ஆகஸ்டு 9-ஆம் நாள் கிரான் கானரியாத் தீவு கண்ணுக்குத் தென்பட்டது. பிண்டாவைப் பின்சோன் பொறுப்பில் அத்தீவிலே விடுத்துத் தாம் கோமேராத் தீவிற்குச் சென்று, அதற்கு மாற்றாக வேறொரு கலம் கிடைக்குமோ என்று கொலம்பஸ் காத்திருந்தார். கிடைத்திலது. கிடைக்காததற்காகக் காத்திருத்தலினும் இருப்பதைத் திருத்துதலே தக்கதென்று தெளிந்து, ஆகஸ்டு 25-ஆம் நாள் கிரான் கானரியாவுக்கு மீண்டார். அங்கே பிண்டாவுக்குப் புதுச் சுக்கான் செய்து பொருத்தினர். ஒழுகிய பலகைச் சந்துகளைக் கலப்பற்று வேலையால் அடைத்தனர். கலப்பற்றென்பது சந்துகளிற் சணற்றும்பு முதலியவற்றைத் திணித்து மேலே கீல் பூசுதலாம். அவ்வோய்வுப் பொழுதிலேயே நீனாவின் முக்கோணப் பாய்களையும் மாற்றிச் சதுரப் பாய்கள் கட்டினர். அவ்வழியிற் பின்னின்று ஒரு சீராய் வீசும் காற்றுக்குச் சதுரப் பாயே ஏற்றது. ஒரு கலத்தின் பழுதால் நேர்ந்த தாமதம் மற்றொரு கலத்தின் குறையையும் நீக்கிக்கொள்ளும் வாய்ப்பாய் முடிந்தது.

செப்டம்பர் 6-ஆம் நாள் கோமேராவினின்றும் மூன்று கலங்களும் மேற்கு நோக்கிச் சென்றன. 36 நாள் கழித்து, அக்டோபர் 12-ஆம் நாள் பின்னிரவில், ரொட்ரிகோ டி திரியானா என்னும் மாலுமி முதன்முதற் கரையைக் கண்டு கூவினான். அவன் நின்றுகொண்டிருந்தது எந்தக் கலத்தில்? சுக்கான் கழன்ற பிண்டாவிலேதான்! பழுது தீர்ந்தபின் அதுவே மூன்றனுள்ளும் விரைவு மிக்கதாய் முன்னே சென்றுகொண்டிருந்தது. பழுதுறாது வந்த சாந்தா மரியாவோ அவ்வாண்டு டிசம்பர் மாதம் திடரில் மோதிக் கெட்டது. இப்பயணத்தின் பின்விளைவாக அந்நிலத்துப் பழங்குடியினர்க்கு நேர்ந்த பெருங்கேடு தனியே எழுதத்தக்கது. அஃது ஈண்டு எம் ஆராய்ச்சிக்குப் புறம்பு.

நிமித்தம் பார்ப்பார் கேட்கத்தக்க செய்தி மற்றொன்றும் உண்டு. வெள்ளிக்கிழமையிற் கலம் புறப்படுதல் ஆகாதென்று ஐரோப்பிய மாலுமிகளிடை ஒரு நம்பிக்கை பிற்காலத்தே வேரூன்றியிருந்தது. கொலம்பஸ் பாலோஸினின்று புறப்பட்டது வெள்ளிக்கிழமை. கரை காணப்பட்டதும் வெள்ளிக்கிழமை. 1493-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 15-ஆம் நாள் பாலோஸுக்கு மீண்டதும் வெள்ளிக்கிழமையே. சுக்கான் கழன்றதோ திங்கட்கிழமை! கிழமை கலத்தைச் செலுத்துவதில்லை, சுக்கானே செலுத்துகின்றது.

2. அடிப்பலகை ஒழுகிய கலம்

இனி இரண்டாவது கலத்தின் வரலாற்றைக் கூறுவாம். இங்கிலாந்தின் அரசுத் திருச்சபையோடு ஒவ்வாத ஒரு கூட்டத்தார் ஆலந்து நாட்டு லெய்டன் நகரிற் குடியேறி வாழ்ந்தனர். அவர்கள் அமெரிக்காவிற்குச் சென்று குடியமையக் கருதி, சுமார் 60 டன் கொண்ட ஸ்பீட்வெல் என்னும் சிறு கலத்தை விலைக்கு வாங்கினர். அக்கலம் அமெரிக்காவிலேயே தங்கி மீன்பிடித்தற்கும் பிற வேலைகட்கும் உதவுதல் வேண்டும் என்பது அவர்தம் கருத்து. அதற்காகக் கலத்தலைவனையும் மாலுமிகளையும் ஓராண்டுக்கு அமர்த்தினர். பெரும்பயணத்துக்கென்று அதற்குப் புதுப் பாய்மரங்களும் நாட்டினர். 1620-ஆம் ஆண்டு ஜூலை மாத இறுதிப் பகுதியில் ஆலந்தினின்றும் புறப்பட்டு, இங்கிலாந்தின் சௌதாம்டன் துறையில், சுமார் 180 டன் கொண்ட மேபிளவர் என்னும் வாடகைக் கலத்தோடு சேர்ந்தனர். ஈண்டுக் கூறும் நாட்கள் இங்கிலாந்தில் அக்காலத்து வழங்கிய பழைய நாட்கணக்கின்படியாகும். இக்காலக் கணக்கிற்கு அவற்றோடு 10 நாள் கூட்டிக்கொள்ளல் வேண்டும்.

சௌதாம்டனிலேயே முட்டுப்பாடு தொடங்கிற்று. பணமுதவிய வணிகரோடு உடன்படிக்கையிற் பிணக்கு நேர்ந்தமையால், துறைக்கடன் தீர்க்கத் தம் உணவுப் பொருளிற் சேர்ந்த வெண்ணெயில் ஒரு பகுதியை விற்க நேர்ந்தது. ஆகஸ்டு 5-ஆம் நாள் இரு கலங்களும் புறப்பட்டன. சில நாட்களுக்குள் ஸ்பீட்வெல்லில் நீர் ஒழுகுகின்றதென்று அதன் தலைவன் ரெய்னால்ட்ஸ் தெரிவித்தான். இரண்டும் டார்ட்மத் துறைக்குத் திரும்பின. அங்கே அடிமுதல் முடிவரை சோதித்துப் பழுது பார்த்தனர். அக்கூட்டத்தாருள் ஒருவராகிய ராபர்ட் குஷ்மன் என்பவர் டார்ட்மத்திலிருந்து தம் நண்பர்க்கு எழுதிய மடல் இன்றும் கிடைக்கின்றது. கையாற் பிடுங்கத்தக்கவாறு ஒரு பலகை தளர்ந்திருந்தமையையும், இன்னும் மூன்று நான்கு நாழிகை கடலில் நின்றிருந்தால் மூழ்கியே போயிருக்கும் நிலையையும் அவர் அதில் வருந்தி எழுதியிருக்கின்றார். காற்று நல்ல காற்றாய் வீசிக்கொண்டிருக்கும்பொழுதே கலம் துறையிற் கட்டுண்டு கிடந்தது. கொண்டுவந்த உணவு கரையிலேயே செலவாகிக்கொண்டிருந்தது. இஃது அவர்க்கு மிக்க துயரை விளைத்தது.

பழுது தீர்ந்ததென்று தச்சர் சொல்ல, ஆகஸ்டு மாதப் பிற்பகுதியில் மீண்டும் புறப்பட்டனர். இம்முறை இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியைக் கடந்து 100 லீக்கு, அதாவது சுமார் 300 மைல், சென்றுவிட்டனர். அங்கே மறுபடியும் ஒழுக்கு! நீரை இறைத்து மாளவில்லை. மறுபடியும் திரும்பிப் பிளிமத் துறையை அடைந்தனர். அங்கே சோதித்தபோது, ‘இதுதான் ஓட்டை’ என்று குறிக்கத்தக்க ஓரிடமும் காணப்படவில்லை. கலம் முழுதுமே தளர்ந்திருந்தது என்னும் முடிவுக்கு வந்தனர்.

இத்தளர்ச்சிக்குக் காரணம் யாது? பின்னாளில் அக்குடியேற்றத்தின் ஆளுநராய் விளங்கிய வில்லியம் பிராட்போர்டு தம் வரலாற்று நூலில் இரண்டு கூறியுள்ளார். ஒன்று, கலத்தின் அளவுக்கு மிஞ்சிய பாய்மரம். அதன் இயல்பை விளக்குதல் எளிது. பாய்மரம் நெம்புகோல் போன்றது. அதன் தலையிற் காற்று தள்ளுந்தோறும், அதன் அடி கலத்தின் உடலை முறுக்கும். மரம் உயர உயர, பாய் பரக்கப் பரக்க, அம்முறுக்கு மிகும். பலகைச் சந்துகள் திறக்கும். திணித்த கலப்பற்று நெகிழ்ந்து வெளியேறும். கலம் துறையில் அசைவற்றிருக்குங்கால் சந்துகள் மீண்டும் கூடி நிற்றலின் ஓட்டை கண்ணுக்குத் தெரியாது. கடலிற் சென்று பாய் விரித்தவுடனே அது வெளிப்படும். டார்ட்மத் தச்சர் பழுதில்லை என்றதும், கடல் பழுதுண்டு என்றதும் இவ்வாற்றான் இரண்டும் பொருந்துகின்றன. மற்றொன்று, மாலுமிகளின் சூழ்ச்சி. ஓராண்டு அந்நிய நிலத்தில் தங்கினால் உணவுக்கு முட்டு நேருமென்று அஞ்சி, வேண்டுமென்றே பாய்களை மிகுதியாக விரித்துக் கலத்தை ஒழுகச் செய்தனர் என்பது அவர் குற்றச்சாட்டு. பிற்பாடு அக்கலம் விற்கப்பட்டு, பழைய அளவான அமைப்பிற்கு மாற்றப்பட்ட பின்னர்ப் பல பயணங்கள் நன்றாகவே சென்று வந்ததென்று அவர் சான்று காட்டுகின்றார். இச்சான்று பாய்மரத்தின் குற்றத்தை நன்கு காட்டுகின்றது. மாலுமிகளின் உள்ளத்தைக் காட்டுகின்றதன்று. வரலாற்றறிஞரும் இப்பகுதியில் ஒருமனப்பட்டிலர்.

பிளிமத்தில் அக்கூட்டத்தார் செய்த முடிவு கடினமானது. தாம் விலைகொடுத்து வாங்கிய கலத்தையே விட்டுவிடத் துணிந்தனர். ஏறக்குறைய 20 பேர் பின்தங்கினர். எஞ்சினார் மேபிளவரில் நெருக்கிக்கொண்டு ஏறினர். செப்டம்பர் 6-ஆம் நாள், 102 பயணிகளோடு அவ்வொரு கலம் மட்டும் புறப்பட்டது. சௌதாம்டனை விட்டது முதல் ஒரு திங்கட் காலம் வீணாயிற்று. அவ்வொரு திங்களின் விலை யாதென்பது பின்னரே தெரிந்தது. நவம்பர் 11-ஆம் நாள் அவர்கள் நங்கூரமிட்டபொழுது குளிர்காலம் தொடங்கிவிட்டது. வீடில்லை, விளைந்த தானியமில்லை. வந்தவருள் ஏறக்குறையப் பாதிப் பேர் அடுத்த இளவேனிலுக்குள் நோயாலும் குளிராலும் மாண்டனர். அளவுக்கு மிஞ்சிய பாய்மரம் ஒன்று எத்துணைக் குடும்பங்களின் கண்ணீரில் முடிந்தது, பாருங்கள்!

அம்மேபிளவரும் பழுதின்றிச் செல்லவில்லை. நடுக்கடலிற் பெரும்புயலில் அதன் நடு உத்தரம் ஒன்று வளைந்து பிளந்தது. மாலுமிகளும் கலங்கினர். அப்பொழுது கலத்தலைவனும் பயணிகளுட் பெரியோரும் கூடி ஆராய்ந்தனர். ‘நீர்மட்டத்தின் கீழ்க் கலத்தின் உடல் உறுதியாயிருக்கின்றதா?’ என்பதே முதல் வினா. உறுதியாயிருக்கின்றது என்பது விடை. பயணிகள் ஆலந்தினின்றும் கொண்டுவந்திருந்த பெரிய இரும்புத் திருகு ஒன்று உள்ளே கிடந்தது. அதனைக் கொண்டு உத்தரத்தை உயர்த்தித் தன்னிடத்தில் நிறுத்தி, கீழே முட்டுக்கால் கொடுத்தனர். மேற்றளத்துச் சந்துகளை அடைத்தனர். அளவுக்கு மிஞ்சிப் பாய் விரிப்பதில்லை என்று உறுதி செய்துகொண்டு மேற்சென்றனர். முன்னர் இருமுறை திரும்பிய அதே மக்கள், இம்முறை திரும்பாது சென்றமைக்குக் காரணம் துணிச்சலன்று. பழுதின் இடமும் அளவும் தெரிந்தமையே. ஸ்பீட்வெல்லின் குறை நீர்மட்டத்தின் கீழே, இன்ன இடமென்று தெரியாதபடி பரவியிருந்தது. மேபிளவரின் குறை மேலே, ஓரிடத்தில், கைக்கெட்டும்படி இருந்தது. இவ்வேறுபாட்டைக் கண்டறிந்ததே அவர் அறிவு.

பின்தங்கினார் நிலை யாதாயிற்று? அவரெல்லாம் கோழைகள் என்று எண்ணிவிடுதல் நேர்மையன்று. இடம் போதாமையாற் சிலர் தங்கித்தான் ஆகவேண்டும். மேற்கூறிய குஷ்மனும் பின்தங்கினாருள் ஒருவரே. அவரே அடுத்த ஆண்டு, 1621-இல், பார்ச்சூன் என்னும் கலத்தில் அக்குடியேற்றத்துக்கு வந்து சேர்ந்தார். பின் இங்கிலாந்துக்கு மீண்டு அவர்க்காக உழைத்தார். முதற்கலத்தில் இடமில்லாதார்க்கு இரண்டாவது கலத்தில் இடமுண்டு.

3. தீப்பற்றிய கலம்

பாய்க்கலக் காலம் கழிந்து நீராவிக் காலம் தொடங்கியபின் நிகழ்ந்தது மூன்றாவது செய்தி. இங்கிலாந்தினின்றும் அமெரிக்கா வரையில் நீராவியின் வலியாலேயே ஒரு கலம் செல்லுதல் கூடுமோ என்பது 1830-ஐ ஒட்டிய ஆண்டுகளிற் பெரிய வழக்காயிருந்தது. அத்துணைத் தொலைவுக்கு வேண்டிய நிலக்கரியை ஏற்றினாற் பிறவற்றிற்கு இடமிராது என்று பலர் கருதினர். லார்ட்னர் என்னும் அறிஞரும் 1836-ஆம் ஆண்டில் இதுபற்றிப் பெரிதும் ஐயங்கிளப்பினார். இசம்பார்ட் கிங்டம் புரூனல் என்னும் இளம் பொறியறிஞரோ மறுத்தார். கலத்தின் நீளம் அகலம் உயரம் மூன்றும் இருமடங்கானால், அதன் கொள்ளளவு எண்மடங்காகும். நீரின் தடையோ நான்மடங்கே ஆகும். ஆகவே கலம் பெரிதாகப் பெரிதாக, நிலக்கரிக்கு இடம் குறையாது, மிகும் என்பது அவர் கணக்கு. அக்கணக்கின்படி பிரிஸ்டல் நகரிற் கட்டப்பட்டு, 1837-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 19-ஆம் நாள் நீரில் இறக்கப்பட்டதே கிரேட் வெஸ்டர்ன் என்னும் கலம். அது மரத்தாற் செய்து, இருபுறமும் துடுப்புச் சக்கரம் பூட்டியது. அதன் இயந்திரங்களை லண்டனிற் பொருத்தினர்.

1838-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 31-ஆம் நாள், லண்டனினின்றும் பிரிஸ்டலுக்குச் சென்று பயணிகளை ஏற்றிக்கொள்ளும் பொருட்டு அக்கலம் தேம்ஸ் ஆற்றின் வழியே இறங்கி வந்தது. சில நாழிகைக்குள் புகைபோக்கியின் அடியிலிருந்து புகையும் தீயும் எழுந்தன. காரணம் யாதெனின், கொதிகலத்தின் வெப்பம் வீணாகாவண்ணம் அதனைச் சுற்றிப் போர்த்திருந்த கம்பளித் தடுக்கு, புகைபோக்கியின் அடிவரை நெருங்கிச் சென்றிருந்தது. மிகு வெப்பத்தால் அது தீப்பற்றி, மேலிருந்த மரத்தையும் எரித்தது. உடனே கலத்தைத் திருப்பிக் கான்வித் தீவின் பக்கத்து மணற்றிடரில் ஏற்றி நிறுத்தினர். ஆழத்தில் எரிவதினும் திடரில் எரிவது மேலன்றோ! இயந்திரப் பொறுப்பாளர் புகைக்கிடையே தவழ்ந்து சென்று கொதிகலங்களுக்கு நீர் பாயச் செய்தார். இல்லையேல் அவை வெடித்திருக்கும்.

அவ்வமளியிற் புரூனல் உள்ளே இறங்கத் தொடங்கினார். ஏணியின் மேற்படி ஒன்று கருகியிருந்தது. அதில் அடிவைத்தவுடன் முறிந்தது. ஏறக்குறைய 20 அடி ஆழத்தில் தலைகீழாய் வீழ்ந்தார். கீழே நின்று தீயவித்துக்கொண்டிருந்தவர் அக்கலத்தை நடத்திய கழகத்தின் தலைவர்களுள் ஒருவராகிய கிளாக்ஸ்டன். புரூனல் அவர்மேல் வீழ்ந்தமையால் உயிர் தப்பினார். உணர்விழந்து தேங்கிய நீரிற் கிடந்தவரைக் கிளாக்ஸ்டனே தூக்கி வெளியேற்றினார். அப்பொழுது புரூனலுக்கு வயது 31. அவரைக் கான்வித் தீவிற் கரையேற்றிப் படுக்கவைத்தனர். அவர் பல நாள் படுக்கையிற் கிடந்தார். கிடந்தும், கலத்திற் செய்யவேண்டிய திருத்தங்களைப் பிறரைக்கொண்டு எழுதுவித்துக் கிளாக்ஸ்டனுக்கு அனுப்பிக்கொண்டேயிருந்தார்.

தீ அவிந்தது, நீரேற்றத்திற் கலம் மிதந்தது. ஏப்ரல் 2-ஆம் நாள் பிரிஸ்டல் துறைமுகத்தை அடைந்தது. ஆனால் கலத்தினும் விரைவாக வதந்தி அங்குச் சென்றுவிட்டது. கலம் எரிந்து போயிற்று என்று பேச்சுப் பரவ, பயணத்துக்குப் பதிவு செய்திருந்தவருள் சுமார் 50 பேர் விலகிக்கொண்டனர். 7 பேரே எஞ்சினர். மற்றொருபுறம், போட்டிக் கழகத்தார் சீரியஸ் என்னும் சிறிய கலத்தை வாடகைக்கு அமர்த்தி, ஏப்ரல் 4-ஆம் நாளே அயர்லாந்தின் கார்க் துறையினின்றும் அனுப்பிவிட்டனர். ‘முந்தியவரைப் பிடித்தல் இயலாது, கலத்தைப் படைத்தவரும் படுக்கையிற் கிடக்கின்றார், பயணிகளும் இல்லை’ என்று கழகத்தார் சோர்ந்திருப்பின், அவரைக் குறை கூறுவார் யார்? ஆயின் அவர்கள் சோர்ந்திலர். காரணம் தெரிந்தது, எரிந்தது அகற்றப்பட்டது, இயந்திரம் நன்றாயிருந்தது. ஏப்ரல் 8-ஆம் நாள், ஹாஸ்கென் என்னும் தலைவரின் கீழ், 7 பயணிகளோடு கலம் புறப்பட்டது. 15 நாளில், ஏப்ரல் 23-ஆம் நாள், நியூயார்க்கை அடைந்தது. சீரியஸ் முன்னாள்தான் வந்து சேர்ந்திருந்தது. நான்கு நாள் பின்னே புறப்பட்டும் ஒரு நாளளவே பின்னடைந்தது கிரேட் வெஸ்டர்ன். சீரியஸில் நிலக்கரி ஏறத்தாழத் தீர்ந்திருந்தது. கிரேட் வெஸ்டர்னிலோ சுமார் 200 டன் எஞ்சியிருந்தது. புரூனலின் கணக்கு மெய்யாயிற்று. ஓட்டத்தில் இரண்டாவதாய் வந்த அக்கலமே 1846 வரையில் அவ்வழியிற் பலமுறை சென்று வந்து, நீராவிக் கலப் போக்குவரத்துக்கு அடிகோலியது.

4. மூன்றானும் பெறப்படுவன

இம்மூன்று வரலாறுகளையும் ஒப்புநோக்கின், அறியத்தக்கன சில புலனாகும்.

முதலாவது, பழுது என்பது பேச்சற்ற ஒரு சோதனையாளர். கலம் கட்டியவர் மறந்ததையும், விற்றவர் மறைத்ததையும், வாங்கியவர் காணாததையும் அது முதல் மூன்று நாளிலேயே எடுத்துக் காட்டிவிடுகின்றது. கரை அணித்தாயிருக்குங்கால் அது வெளிப்பட்டமையாலன்றோ அம்மூன்று கலத்தாரும் உயிர் பிழைத்தனர்! அதனைத் தீநிமித்தமென்று வைவது, நோயைக் காட்டிய மருத்துவரை வைவதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, கட்டுதல் வேறு, திருத்துதல் வேறு. பின்சோன் கயிற்றாற் கட்டியது அப்பொழுதைக்கு வேண்டியதே. ஆனால் அது மறுநாளே அறுந்தது. புதுச் சுக்கான் கிடைத்தபின்னரே மாகடலிற் புகுந்தனர். டார்ட்மத்திலோ, காரணத்தை அறியாது காரியத்தை மட்டும் அடைத்தனர். பாய்மரத்தை அப்படியே விட்டுவிட்டுப் பலகையைத் திருத்தினர். அதனாலேயே இரண்டாம் முறையும் திரும்ப நேர்ந்தது. ஒழுகுமிடம் வேறு, ஒழுகச் செய்வது வேறு என்பதை அன்று ஒருவர் உணர்ந்து பாய்மரத்தைக் குறைத்திருந்தால், இரு கலமும் குளிர்காலத்துக்கு முன் கரை சேர்ந்திருக்கக்கூடும்.

மூன்றாவது, பழுதின்பின் எழும் ஐயம் பழுதினும் கொடிது. கிந்தேரோவையும் ரெய்னால்ட்ஸையும் பற்றிய ஐயங்கள் நூற்றாண்டுகள் பல கடந்தும் நிறுவப்படாமலே நிற்கின்றன. மெய்யாயினும் ஆகலாம், பொய்யாயின் இரண்டு மனிதர் பெயர் வீணே மாசுற்றது. திருவள்ளுவனார் தெரிந்து தெளிதல் என்று ஓர் அதிகாரம் வகுத்ததன் நோக்கம், துணைவரை ஆராய்தல் புறப்படுமுன் வேண்டும் என்பதே. மனமுவவாதவரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டபின், ஒவ்வொரு முளை கழலும்போதும் அவர் முகத்தை நோக்குதல் தவிர்க்கவொண்ணாததாகிவிடும்.

நான்காவது, திரும்புவதா மேற்செல்வதா என்பதற்குப் பொதுவிதி ஒன்றும் இல்லை. ஸ்பீட்வெல் திரும்பியது தக்கது. மேபிளவர் திரும்பாததும் தக்கது. பழுது அடியிலா மேலிலா, ஓரிடத்திலா எங்குமா, திருத்தும் கருவி கையிலுண்டா, துறை முன்னேயா பின்னேயா, உணவு எத்துணை நாளைக்குண்டு என்னும் ஐந்து வினாக்களுக்கு விடை கண்டவரே இதனை முடிவு செய்யத்தக்கவர். தாமதத்துக்கும் விலையுண்டு, அவசரத்துக்கும் விலையுண்டு. இரண்டையும் எடைபோடுதலே தலைமை.

கடல்கடந்து செல்வார்க்கு மட்டும் உரியதன்று இச்செய்தி. ஊரிற் பள்ளிக்கூடம் ஒன்று தொடங்குவாரும், கூட்டுறவுப் பண்டகசாலை வைப்பாரும், பிள்ளைகள் படிப்புக்கு நிதி திரட்டுவாரும் இதனைத் தமக்கெனவே கொள்ளலாம். முதலாண்டிலேயே கணக்கிற் குழப்பம், உறுப்பினரிடைப் பிணக்கு, நம்பியவர் விலகுதல் என்பன நேருதல் இயல்பு. அப்பொழுது, ‘இது தொடக்கத்திலேயே சரியில்லை’ என்று கலைந்துவிடுவார் பலர்; ‘எல்லாம் தானே சரியாகும்’ என்று கண்மூடியிருப்பார் பலர். 57 பேர் ஏறவிருந்த கலத்தில் 7 பேரே ஏறியும் அது கரை சேர்ந்தது. ஏனெனில் அவ்வேழு பேரை ஏற்றிச் சென்ற கலம் சோதிக்கப்பட்ட கலம். அன்பர்கள் தாம் தொடங்கிய பணிகளிற் சுக்கான் கழலுங்கால், முதலிற் கயிறு கொண்டு கட்டுக. அணித்தாய துறையைச் சேர்க. அங்கே புதுச் சுக்கான் செய்து பூட்டுக. பின்னர்ப் பாய் விரிக்க.